கடலில் இருந்த தலைவர்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பாய்ப்படகு கிளப். பந்தயத்துக்குப் போகிறவர் கரையிலுள்ள பலகையில் கொக்கியில் தொங்கும் தன் எண் போட்ட தகட்டை எடுத்துப் போக வேண்டும். திரும்பியதும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் கடலில் இருக்கிறார் என்று அர்த்தம். இந்த விதியை எழுதியவர் கிளப் தலைவர் தனபாலன். தகட்டோடு வீட்டுக்குப் போய்விடுகிறவரும் அவரேதான்.

ஒருநாள் மீட்புப் படகோட்டி ரெஜிலா இருட்டும்வரை அவரைக் கடலில் தேடினாள். அவரோ வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தார். மறுநாள் வந்து கத்தினார்.

"பெட்ரோலைப் பாழாக்கிட்டியே! நான் கரையில இருந்தா தேடக் கூடாது. கடல்ல இருந்தா உடனே தேடணும். தகட்டையெல்லாம் என்னால மாட்டிக்கிட்டு இருக்க முடியாது. இதுல தப்பு நடந்தா உன் வேலை போயிரும்."

"சரிங்க சார்."

அடுத்த பந்தயத்தில் தலைவர்தான் முதலில் வந்தார். மாலையில் மேடையேறிக் கோப்பைக்குக் கை நீட்டினார். உடனே கரையோரம் நின்ற மீட்புப் படகின் சங்கு அலறியது.

"தலைவரைக் காணோம்! எல்லாரும் கடலைப் பாருங்க!" என்று ஒலிபெருக்கியில் கூவினாள் ரெஜிலா.

"ஏய், நான் இங்கதானே நிக்கேன்!"

"எனக்குத் தெரியுது சார், கொக்கிக்குத் தெரியலையே! கரைக்கு வராத ஆளுக்குக் கோப்பை குடுக்கலாமா?"

கூட்டம் சிரித்தது. தனபாலன் பாக்கெட்டைத் துழாவித் தகட்டை எடுத்தார். மேடையிலிருந்து இறங்கி, அத்தனை பேர் பார்க்க நடந்துபோய் மாட்டினார்.

"தலைவர் கரை சேர்ந்துட்டார்!" என்று ரெஜிலா அறிவித்ததும் கூட்டம் கைதட்டியது.

பிறகு கோப்பை வாங்கியபோதுகூட அவருக்கு அவ்வளவு கைத்தட்டல் கிடைக்கவில்லை.