காதில் விழாத அழைப்பு

மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் கெர்னல் எழுதுவது ரெஜினாவின் வேலை. கருவிக்குள் எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருள் அது. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த அய்யாத்துரை வயதில் மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றே கூப்பிடுவார்.

அய்யாத்துரை எழுதிய பகுதி, வலி மருந்தை ஏற்றும் ஒரு பம்பில் ஓடியது. சிப்பில் இருக்கும் டைமர் ஓயாமல் கெர்னலைக் கூப்பிடும். அந்த அழைப்புகளை எண்ணித்தான் பம்புக்கு நேரம் தெரியும். அழைப்பு வந்தால் குறித்துக்கொண்டு உடனே திரும்பிவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு என்று ரெஜினா சொல்லியிருந்தார்.

அய்யாத்துரைக்கு மனம் கேட்கவில்லை. அழைப்பு வந்த கையோடு மருந்தின் அளவைச் சரிபார்க்கவும், திரையைப் புதுப்பிக்கவும், எல்லாவற்றையும் பதிந்துவைக்கவும் எழுதினார். அவ்வளவும் முடியும்வரை வேறு அழைப்பு உள்ளே வர முடியாது.

சோதனையில் தவறு எதுவும் தெரியவில்லை. பம்பு மருத்துவமனைக்குப் போனது. புற்றுநோய் வார்டில் மரகதவல்லி என்ற அம்மாளுக்கு மருந்து பிந்திப் பிந்தி இறங்கியது. வலிக்கிறது என்றார். திரையில் எல்லாம் சரியாக இருந்ததால் யாரும் பம்பைச் சந்தேகிக்கவில்லை. பிழைக்க மாட்டார் என்று முன்பே தெரியும். ஆனால் துடித்துத்தான் உயிர்விட்டார்.

மருந்து பிந்தியது பிறகுதான் தெரியவந்தது. பம்பைத் திரும்ப வாங்க இருவரும் போனார்கள். அம்மாளின் மகள் அவர்களையும் பம்பையும் பார்த்தாள்.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் அய்யாத்துரை கேட்டார். "பிந்தினால் மணி அடிக்கவும் எழுதியிருந்தேனே, டீச்சர். ஏன் அடிக்கவில்லை?"

அழைப்பு வந்ததும் என்னென்ன செய்ய வைத்தீர்கள், சொல்லுங்கள் என்றார் ரெஜினா.

அய்யாத்துரை மடிக்கணினியைத் திறந்து வரி வரியாக விளக்கினார். ஒரு வரியும் தப்பில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நடுவில் ரெஜினா மெதுவாக அவர் பெயரைச் சொன்னார். அவர் தலை நிமிரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அப்போதும் நிமிரவில்லை.

கடைசியில் அய்யாத்துரை சொல்லி முடித்து, ரெஜினாவின் முகத்தைப் பார்த்தார்.

"உங்களைக் கூப்பிட்டேன்," என்றார் ரெஜினா.

"எப்போது?"

"நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது. எத்தனை முறை என்று சொல்லுங்கள்."

"காதில் விழாததை நான் எப்படி எண்ணுவேன், டீச்சர்?"

ரெஜினா பம்பைப் பார்த்தார். "அதற்கும் விழவில்லை," என்றார். "அதன் கணக்கில் எதுவும் பிந்தவே இல்லை."