சாரி சொன்னால் எங்கே நோகும்?

ரொம்பக் காலத்துக்கு முந்தி நுரைப்பட்டினம்னு ஒரு கடலோர நாடு. அதை ஆண்ட ராஜா பேரு விறுமாண்ட பூபதி. நல்ல மனுஷன்தான். புதுசா எதைக் கண்டாலும் உடனே சட்டமாக்கிடுவான், அது ஒண்ணுதான் தொல்லை.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன் அவனைப் பார்க்க வந்தான். குனிஞ்சு வணங்குறேன்னு பூட்ஸ் காலால ராஜாவோட கட்டைவிரலை மிதிச்சுட்டு, “சாரி”ன்னான்.

“என்ன சாரி? யானைச் சவாரியா, குதிரைச் சவாரியா?” ராஜா காலைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டான்.

கேப்டன் பேச்சைத் தமிழாக்கிச் சொல்ல ஒரு துபாசி கூட வந்திருந்தார். “மன்னிக்கணும்னு அர்த்தம், மகாராஜா”ன்னார்.

“அவ்வளவுதானா? நம்ம ஊர்ல ஒரு மன்னிப்புக்குக் கால்ல விழணும், அழணும், நாலு பெரிய மனுஷங்க வந்து பேசணும். இது ரெண்டே எழுத்துல முடிஞ்சுபோச்சே!” ராஜாவுக்குக் கால்வலியே மறந்துபோச்சு. சாயங்காலத்துக்குள்ள தண்டோரா போட்டாச்சு: சாரி சொன்னவனுக்குத் தண்டனை கிடையாது.

அப்புறம் ஊர் பட்ட பாட்டைக் கேட்கணுமே! தும்மினா சாரி. காது கேக்கலைன்னா “சாரி?” பந்தியில முந்தி உட்காரவும் சாரி. பொண்ணைப் பார்த்து, சொஜ்ஜியும் தின்னுட்டு, வேண்டாம்னு சொல்றதுக்கும் அதே சாரி.

ராஜாவுக்கு அடுத்த பெரிய ஆள் தானாபதி சேஷப்பர். தினம் ஒரு வெண்பா பாடுவார், ராஜா கொட்டாவி விடுவான். ஆனா மாடத்தின்னு ஒருத்தி அரண்மனைக்கு ஊத்துற எருமைத் தயிரை மட்டும் “ஆகா, ஆகா!”ன்னு விரலை நக்கிப் புகழுவான். சேஷப்பருக்கு வயிறு எரிஞ்சுது. நேரே போய் மாடத்தியோட எருமையை அவிழ்த்துத் தன் தொழுவத்துல கட்டிட்டு, “சாரி”ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டார்.

அவளுக்கு இருந்தது அந்த ஒரே எருமை. கன்னு பிறந்து எட்டு நாள்தான் ஆகுது. தாயைக் காணோம்னு அது கத்துன கத்தல்ல மாடத்திக்குச் சோறு இறங்கலை. மறுநாளே சபைக்கு வந்து நின்னா.

“அவர்தான் சாரி சொல்லிட்டாரேம்மா. சட்டம்னா சட்டம்தான்”னான் ராஜா. சேஷப்பர் மீசையைத் தடவிக்கிட்டார்.

“சட்டத்தை நான் குறை சொல்லலை, மகாராசா. அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா மனசு ஆறும்.”

கப்பலோட இன்னும் துறைமுகத்துலேயே இருந்த கேப்டனை வரவழைச்சுக் கேட்டாங்க. அவன் சொன்னதைத் துபாசி எடுத்துச் சொன்னார்: “அவங்க பூட்டன் காலத்துப் பேச்சுல புண்ணு, நோவு, அதுலேர்ந்து வந்த வார்த்தையாம். செஞ்சதை நினைச்சா நெஞ்சு நோகுதுன்னு சொல்றதுதான் சாரி.”

“அடப் பாவமே! ஐயாவுக்கு நெஞ்சு நோவா? வைத்தியரைக் கூப்பிடுங்க, மகாராசா!” மாடத்தி பதறினா.

“எனக்கு ஒரு நோவும் இல்லை”ன்னார் சேஷப்பர்.

“நோகலைன்னா நீங்க சொன்னது சாரியே இல்லீங்களே, வெறும் சத்தம். அப்ப எருமையை ஓட்டிட்டுப் போனது திருட்டு.”

மாட்டுத் திருட்டுக்கு அந்த ஊர்ல முப்பது கசையடி. சேஷப்பர் கொஞ்சம் யோசிச்சார். “நோகுது”ன்னார்.

வைத்தியர் வந்து நாடி பிடிச்சுப் பார்த்தார். “ஒரு மண்டலம் நிலவேம்புக் கஷாயம், மூணு வேளை. பால் தயிர் ஆகாது. எருமை வாடையே படக்கூடாது.” அவரும் மாடத்திகிட்ட தயிர் வாங்குறவர்தான்.

எருமையை உடனே அவிழ்த்துவிடச் சொல்லி ராஜா ஆள் அனுப்பினான். சட்ட ஓலையை ரெண்டாக் கிழிச்சான். அரண்மனைப் புல்வெளி பூராவும் இனிமே உன் எருமைக்குத்தான்னு மாடத்திகிட்ட சொன்னான். அப்புறம் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தான்.

“உன் கன்னு பட்டினி கிடந்தது என் சட்டத்தால. சாரி, மாடத்தி.”

அவ ராஜா முகத்தையே உத்துப் பார்த்தா. “நோகுதா, மகாராசா?”

ராஜா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “இப்பத்தான் நோகுது”ன்னான்.

“அப்ப சரி”ன்னுட்டு, கன்னு காத்துக்கிட்டிருக்கும்னு அவ கிளம்பிட்டா.