இலை போட்ட பிறகு சொன்ன சொல்

காவிரிக் கரையில் ஒரு சிறிய மடம். அதன் தலைவர் குமரேச அடிகளுக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் தருமலிங்கத்துக்கு அறுபது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர் என்பதால் அடிகளும் அவரை வாத்தியாரே என்றுதான் அழைப்பார். மடத்தின் பந்தியைக் கவனிப்பது வாத்தியாரின் பொறுப்பு.

ஆடி அமாவாசையன்று காலை, இருவரும் ஆற்றில் குளித்துவிட்டுப் படியேறும்போது வாத்தியார் கேட்டார்.

"சாமி, ஒரு சொல்லை மடத்துக்குள்ள யாரும் சொல்லக்கூடாதுன்னு பலகை எழுதி வைக்கலாமுங்களா?"

"கெட்ட வார்த்தையா?"

"இல்லீங்க. அட்ஜஸ்ட்."

அடிகள் சிரித்தார். "பாவம், அது என்ன பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணலீங்க. நம்ம ஆளுங்கதான் அதைப் போட்டு வதைக்கறாங்க. பஸ்ஸுல மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒருத்தன் வந்து அட்ஜஸ்ட் பண்ணுங்கங்கறான். தையல்காரன் சட்டையைச் சின்னதாத் தெச்சுட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கங்கறான். மருமகள் அழுதுக்கிட்டு வந்தா, அட்ஜஸ்ட் பண்ணிப் போன்னு திருப்பி அனுப்பறாங்க. ஆபீசுல லஞ்சத்துக்குக் கை நீட்டறவனும் அதையேதான் சொல்றான்."

"முந்தாநாள் ரசத்துல உப்பில்லைன்னு ஒருத்தர் சொன்னப்ப, நீங்களும் ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"அது பரிமாறுற அவசரத்துல வாய் தவறி வந்துருச்சுங்க."

"சரி. சரியான அர்த்தத்தைச் சொல்லுங்க. எனக்கு இங்கிலீஷ் வராது."

வாத்தியார் படியிலேயே நின்றார். குரல் வகுப்பறைக் குரலாக மாறியது.

"ரெண்டுதானுங்க. கையில இருக்கற பொருளைக் கொஞ்சம் திருகி, நகர்த்திப் பொருந்த வைக்கறது. கடிகாரம், மூக்குக்கண்ணாடி மாதிரி. இன்னொண்ணு, வந்த இடத்துக்குத் தக்கபடி மனுசன் தன்னையே மாத்திக்கறது."

"அடுத்தவங்களை மாத்திக்கச் சொல்றது?"

"சொல்லலாமுங்க. ஆனா சொல்றவனும் ஒரு அங்குலமாவது அசையணும். தான் அசையாம அடுத்தவனை மட்டும் நகரச் சொன்னா, அதுக்கு இங்கிலீஷ்ல வேற வார்த்தைங்க இருக்குது. எதுவும் மரியாதையா இருக்காதுங்க."

"பலகை வேண்டாம் வாத்தியாரே. இன்னிக்கு நல்ல கூட்டம் வரும். காதுல விழறதைக் கேட்டுக்கிட்டே இருங்க. யாராவது சரியாச் சொன்னா எனக்கு வந்து சொல்லுங்க."

வாத்தியாருக்கு அது பிடித்திருந்தது. தலையாட்டிக்கொண்டு பந்திக் கூடத்துக்குப் போனார்.

மடத்தில் கூட்டிப் பெருக்கிக் காய் நறுக்கிக் கொடுப்பவள் பழனாத்தாள். அவளுடைய ஒரே மகனை இந்த ஆறுதான் கொண்டுபோனது. ஒவ்வோர் அமாவாசையும் அவனுக்காக விரதம் இருப்பாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்வாள். நண்பகலில் மடத்துப் பந்தியில் ஒரு வேளை உண்பாள். ஒரு தடவை இலையில் உட்கார்ந்து எழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் விடியும்வரை எதுவும் தொடமாட்டாள். இது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். வாத்தியாருக்கும் தெரியும்.

இரண்டாம் பந்திக்கு இலை போட்டாயிற்று. உப்பும் ஊறுகாயும் வைத்தாயிற்று. பழனாத்தாள் கடைசி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுச் சோற்றுக்காகக் காத்திருந்தாள்.

அப்போது நூல் மில் சென்னியப்பன் குடும்பத்தோடு வந்தார். அன்றைய அன்னதானத்துக்கு அரிசி அனுப்பியவர் அவர்தான்.

"வாத்தியாரே, மூணு மணிக்கு ரயிலுங்க. இந்தப் பந்தியிலயே உட்கார வச்சிருங்க."

வந்தவர்கள் ஆறு பேர். காலியாக இருந்த இலைகள் ஐந்து.

வாத்தியார் வரிசைகளைப் பார்த்தார். முன்னால் இருந்தவர்கள் சேலத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். அவர்களை எழுப்ப முடியாது. அடுத்து ஒரு பழைய தாசில்தார். அவரிடம் சொல்லவே முடியாது. அதற்கடுத்து ஒரு கர்ப்பிணி. பார்வை ஓரத்துக்கு வந்து நின்றது. பழனாத்தாள் நம்ம ஆள்.

குனிந்து மெல்லச் சொன்னார்.

"பழனாத்தா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. அடுத்த பந்தியில முதல் இலை உனக்குத்தான்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்தாள். உப்பும் ஊறுகாயும் மட்டும் இருந்த அந்த இலையை மடித்தாள். எழுந்து போனாள்.

அந்த இடத்தில் புது இலை விழுந்தது. சென்னியப்பனின் பேத்தி அதில் உட்கார்ந்து, பருப்புச் சோற்றில் இரண்டு வாய் தின்றுவிட்டுப் போதும் என்று எழுந்து ஓடினாள்.

அந்த இலையை எடுக்கும்போதுதான் வாத்தியாருக்கு அன்று பழனாத்தாளின் விரத நாள் என்பது உறைத்தது.

அடுத்த பந்திக்கு முதல் இலையைத் தானே போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். பழனாத்தாள் சாம்பலும் தேங்காய் நாருமாக அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, இலை போட்டாச்சு."

"எனக்கு ஆச்சுங்க."

"என்ன ஆச்சு? ஒரு பருக்கைகூட விழலையே."

"இலையை மடிச்சாச்சுங்களே."

"அதெல்லாம் கணக்குல சேராது. நான் சொல்றேன், வா."

"பையனுக்கு யாருங்க சொல்றது?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் பழனாத்தா."

"அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க. கூட்ட நாள்ல யாரைன்னு பாப்பீங்க? நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறனுங்க." அண்டாவைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். "அந்தண்டை நில்லுங்க. வேட்டியில தண்ணி தெறிக்கும்."

கடைசிப் பந்தி பரிமாறியவர்களுக்கானது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாத்தியார் தூணோரம் நின்றார். அடிகள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார்.

"உட்காருங்க வாத்தியாரே."

"பசி இல்லீங்க சாமி."

"காலையிலிருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. உட்காருங்க."

உட்கார்ந்தார். அடிகளே இலை போட்டார். உப்பு வைத்தார், ஊறுகாய் வைத்தார், பொரியல் வைத்தார். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஆள் கிடைச்சாங்களா?"

"யாருங்க சாமி?"

"அந்தச் சொல்லைச் சரியாச் சொல்றவங்க."

வாத்தியார் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தங்க சொன்னாங்க."

"யாரு?"

"பழனாத்தா."

"நீங்க சொன்ன ரெண்டு அர்த்தத்துல எதுல?"

"ரெண்டாவதுல." குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அதுக்கு முன்னாடி அவங்க காதுல யார் சொன்னது?"

"நானுங்க."

"அப்ப சொன்னவர் எத்தனை அங்குலம் அசைஞ்சார்?"

பக்கத்து இலையில் இருந்தவர் பிசைவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வாத்தியாருக்குக் காது சுட்டது. சோற்றில் கை போகவில்லை.

"சாமி, இன்னிக்கு நானும் சாப்பிடாம இருந்துக்கறேன். எழுந்துக்கறனுங்க."

இலையின் ஓரத்தைப் பிடித்து மடிக்கப் போனார். அடிகள் குனிந்து அந்த ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டார். இன்னொரு கையால் பருப்பை ஊற்றினார். நெய்யும் விட்டார்.

"சாப்பிடுங்க வாத்தியாரே. இலையில உட்கார்ந்தவங்களை எழுப்பற வழக்கம் இந்த மடத்துல இல்லை."