கொம்பையா ஈ ஓட்டிய கதை

அந்தக் காலத்தில், ஈ எறும்பெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஈயைப்போல் மானமுள்ள பிறவி வேறு கிடையாது. ஒரு தடவை ‘போ’ என்று சொன்னால் போதும், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது.

கொம்பையாவுக்கு அந்த அளவு மானமும் கிடையாது, வேலையும் கிடையாது. ஆனால் செல்லக்கனி என்றால் அவனுக்கு உயிர். அவள் அப்பா பூவலிங்கம் கறாராகச் சொல்லிவிட்டார்.

“சாயங்காலம் சந்தைக்கு வருவேன். நீ ஏதாவது சோலியில இருந்தா பொண்ணு உனக்கு. இல்லன்னா வடக்கூர் மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுத்துருவேன்.”

கொம்பையா சந்தை முழுக்கக் கெஞ்சினான். கருப்பட்டிக் கடை அன்னத்தாய்தான் மனமிரங்கினாள்.

“ஈ மொய்க்குதுலே. துண்டை வீசி ஓட்டு.”

ஒரு வீச்சுதான் வீசினான். “மன்னிக்கணும் அண்ணாச்சி” என்று ஈக்கள் மொத்தமாகப் போய்விட்டன. அன்னத்தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“சோலி முடிஞ்சுதுலே, வீட்டுக்குப் போ.”

இன்னும் உச்சிப்பொழுதுகூட ஆகவில்லை. பூவலிங்கம் வரும்போது கொம்பையா கையில் சோலி இருக்காது. ஈக்கள் போய் இறங்கியிருந்த புளியமரத்துக்கு ஓடினான்.

“திரும்பி வாங்க தாயே!”

“போன்னு சொன்ன இடத்துக்கா? எங்களுக்குச் சூடு சொரணை இல்லையா?” என்றது கிழட்டு ஈ.

“அதைக் கொஞ்சம் விட்டுக்குடுங்க. நான் விரட்டினா எந்திரிங்க, உடனே அதே இடத்துல வந்து உட்காருங்க. உங்களுக்குக் கருப்பட்டி, எனக்குச் சோலி.”

கருப்பட்டி என்றதும் கிழட்டு ஈ முன்னங்கைகளைத் தேய்த்துக்கொண்டு யோசித்தது. பிறகு, தன் வம்சம் உள்ளவரைக்கும் அப்படியே நடப்பதாகச் சத்தியம் செய்தது. அவன் கடைக்குத் திரும்புமுன் ஈக்கள் வந்துவிட்டன. அன்னத்தாயே கூப்பிட்டுத் துண்டைக் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் பூவலிங்கம் வந்தபோது கொம்பையாவுக்கு நிமிர நேரமில்லை. வேர்த்து வழியத் துண்டை வீசிக்கொண்டிருந்தான்.

“இப்படிப் பாடுபடுற பையனை நான் பார்த்ததே இல்ல” என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

கல்யாணம் ஆயிற்று. யார் கேட்டாலும், “அவிய கடையில ஈ ஓட்டுதாவ” என்று செல்லக்கனி பெருமையாகச் சொல்வாள்.

ஆனால் கருப்பட்டி வாங்க வந்தவர்கள் மொய்க்கிற ஈயைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பினார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. அன்னத்தாய் கடையைக் காலிசெய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். வெறும் பலகை முன்னால் கொம்பையாவும் ஈக்களும்தான் மிச்சம்.

“போதும் தாயே, போயிருங்க!”

“சத்தியம்னா சத்தியம்தான் அண்ணாச்சி” என்று அவன் மூக்கிலேயே வந்து உட்கார்ந்தது கிழட்டு ஈ.

விஷயம் கேள்விப்பட்டுப் பூவலிங்கம் வந்தார்.

“மாப்பிள்ளே, இப்ப என்ன சோலி?”

“ஈ ஓட்டுதேன் மாமா.”

அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மருமகன் முழித்த முழியில் சிரித்துவிட்டார். “சரி, தள்ளி உட்காரும். நானும் வாக்குக் குடுத்தவன்தான்” என்று தன் துண்டை உதறினார்.

அன்று முதல்தான் எத்தனை தடவை விரட்டினாலும் ஈ அதே இடத்தில் வந்து உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொள்கிறது. அன்று முதல்தான் வேலையில்லாதவனை ‘ஈ ஓட்டுகிறான்’ என்கிறார்கள். ஆனால் அதைப் பெருமையாகச் சொன்னவள் செல்லக்கனி ஒருத்திதான்.