மேலே மிதந்தது

ஞானதிரவியம் தன் குருவைவிட ஒன்பது வயது மூத்தவர். குருவுக்கு ஒரு நரைகூட இல்லை. சிஷ்யருக்குத் தலை முழுக்க வெள்ளை. அந்த ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நேரே இவரிடம் வந்து வணக்கம் வைப்பார்கள். இவர் பேசாமல் உள்ளே கையைக் காட்டுவார். உள்ளே டாக்டர் ஜெய்புன் நுண்ணோக்கியில் குனிந்திருப்பார்.

தூத்துக்குடியில் பெயரெடுத்த அறுவை மருத்துவர் ஞானதிரவியம். மனைவி பியூலாவின் வயிற்றுக்குள், கொழுப்புத் திசுவில், புற்றுநோய்க் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். திரும்ப வந்தது. மறுபடி எடுத்தார்கள். அது இன்னொரு முறையும் வரும் என்று அவருக்குத் தெரியும். வெட்டுவதில் நம்பிக்கை விட்டுப்போய், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மதுரைக்கு வந்து ஜெய்புனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

சேர்ந்த அன்றே கேட்டார். "ஒரே கட்டியில எத்தனையோ வகை செல் இருக்கு மேடம். அதுல திரும்பி வாறது எது?"

"தேடுங்க," என்றார் ஜெய்புன்.

தேடினார். அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை வளர்ந்து முடிந்த செல்கள். நம் உடம்பின் சாதாரணக் கொழுப்புச் செல்லைப் போலவே வயிறு நிறைய எண்ணெயோடு இருக்கும். சில பாதி வளர்ந்தவை. மிகக் கொஞ்சம் மட்டும் இன்னும் எதுவுமே ஆகாதவை. மூலச்செல்லின் சாயல் கொண்டவை, பெருகிப் பெருகி மற்ற வகைகளாக மாறக்கூடியவை. அவர் சந்தேகமெல்லாம் அந்தக் கொஞ்சத்தின் மேல்தான்.

அதைப் பிடித்துவிட்டால் பழைய பியூலா கிடைத்துவிடுவாள் என்று நம்பினார். பழைய பியூலா ஸ்கூட்டர் ஓட்டுவாள். இவர் பின்னால் உட்கார்ந்து போவார், ஏனென்றால் இவருக்கு ஓட்ட வராது. தெருவே சிரிக்கும், இரண்டு பேரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்தப் பின் சீட்டுக்கு ஏங்கி ஏங்கியே மனிதர் பாதியாக இளைத்துப்போனார். பியூலா இருந்த தூத்துக்குடிக்குப் போவதுதான் குறைந்துகொண்டே வந்தது.

மூன்று வருஷம் கழித்துக் கட்டி மறுபடி வந்தது. ஆய்வுக்கூடம் இருக்கும் அதே ஆஸ்பத்திரியில், கீழ்த்தளத்தில், ஆபரேஷன் நடந்தது. பெரிய ரத்தக்குழாயை ஒட்டியிருந்ததை எடுக்க முடியவில்லை என்றார்கள். எடுத்ததில் ஒரு துண்டை ஆய்வுக்குக் கொடுக்கப் பியூலா முன்பே சம்மதித்திருந்தாள். ஐஸ் பெட்டியை ஞானதிரவியம் தானே வாங்கிக்கொண்டு படியேறினார். நேரம் கடத்தினால் செல் செத்துவிடும்.

திசுவைப் பொடியாக நறுக்கினார். கரைசலில் ஊறவைத்துக் குலுக்கினார், வடிகட்டினார், குழாயில் ஊற்றிச் சுழல் மிஷினில் வேகமாகச் சுற்றவிட்டார். குழாய் வெளியே வந்தபோது அடியில் கடுகளவு வெள்ளையாகப் படிந்திருந்தது. மேலே மஞ்சளாக ஓர் அடுக்கு மிதந்தது.

போன் அடித்தது. கீழிருந்து நர்ஸ்.

"சார், அம்மா லேசா கண் முழிக்கிறாங்க."

"இத முடிச்சுட்டு வந்துருதேன் சிஸ்டர்."

போனை வைத்துவிட்டு, உறிஞ்சுகுழலை அந்த மஞ்சள் அடுக்கில் இறக்கினார். உறிஞ்சும் மோட்டார் சட்டென்று நின்றது. ஜெய்புன் சுவிட்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"மேல மிதக்கறத எடுக்கேன் மேடம்."

"எதுக்கு?"

"எப்பவும் எடுக்கறதுதான். எண்ணெய் ஏறுனா செல் பிரிக்கிற மிஷின் கெட்டுரும்லா. நமக்கு வேண்டியது அடியில இருக்கு."

"இத்தன நாளா எடுத்ததெல்லாம்?"

"கொட்டியாச்சு."

ஜெய்புன் அந்த மஞ்சளில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியை அவர் பக்கம் திருப்பினார்.

"பாருங்க."

அந்தக் கூடத்தில் அடியில் படிந்ததைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மேலே மிதந்ததை இதுவரை ஞானதிரவியம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. குனிந்தார். வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி பெரிது பெரிதாக, உருண்டையாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன.

"இது என்ன?" என்றார் ஜெய்புன்.

"வளந்து முடிஞ்ச செல் மேடம். இது பெருகாது, திரும்பி வராது. இதுனால ஒண்ணும் இல்ல."

"அப்ப பியூலா அம்மாவுக்கு ஏன் சாப்பாடு இறங்கல?"

அவர் நிமிரவில்லை.

"கட்டி வயித்த அழுத்துச்சு."

"கட்டியில எது?"

"இதான். எடை பூரா இதான்."

"மல்லாந்து படுக்க முடியலன்னு என்கிட்ட சொன்னாங்க."

"என்கிட்டயும் சொன்னா."

"எப்ப?"

"போன் பண்ணும்போதெல்லாம் சொல்லுவா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஞானதிரவியம் கண்ணை எடுக்காமலேயே சொன்னார். "கொஞ்சம் பொறு, கண்டுபிடிச்சிருவேன்னு சொன்னேன்."

மறுபடி போன் அடித்தது. இந்த முறை ஜெய்புன் எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"சார், அம்மா நல்லா முழிச்சுட்டாங்க. 'எங்க அவிய, எங்க அவிய'ன்னு உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. மல்லாந்து படுத்திருக்காங்க சார். ரொம்ப நாளாச்சுன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க."

ஞானதிரவியம் நுண்ணோக்கியை விட்டு நிமிர்ந்தார். எழுந்தார். கதவுவரை போனார். அங்கிருந்து திரும்பிக் குழாயைப் பார்த்தார். கடுகளவு வெள்ளை அடியில் அப்படியே இருந்தது. இப்போது விட்டால் செத்துவிடும். இந்தத் துண்டு இனிக் கிடைக்காது.

"அஞ்சே நிமிஷம் மேடம். இத மட்டும் வளக்குற தட்டுல மாத்தி வச்சுருதேன்."

"குடுங்க. நான் மாத்துறேன்."

ஜெய்புன் கையுறையை மாட்டிக்கொண்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஞானதிரவியம் இன்னும் கதவருகிலேயே நின்றார்.

"முழுசா எடுக்கலையே மேடம். அவ வயித்துக்குள்ள மிச்சம் இருக்கு. திரும்பி வந்துருமே."

ஜெய்புன் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரும் சார். ஆனா அவங்க இன்னும் போகவே இல்லையே, கீழதான இருக்காங்க."