மணலில் புதைந்த கால்கள்

முதலில் தப்புச் செய்தது செங்கொம்பன்தான். மூக்கையன் என்ற கிழட்டுக் காட்டுப்பன்றியிடம் யார் கேட்டாலும், அது இதைத்தான் முதலில் சொல்லும்.

கோடையில் காட்டாறு வற்றிவிடும். வெள்ளை மணல் மட்டும் ஆறு போலவே வளைந்து வளைந்து கிடக்கும். இரு கரையிலும் இலுப்பைப் பூக்கள் மெல்ல மெல்ல உதிரும். அந்த வாசத்தில் விலங்குகள் எல்லாம் பாதித் தூக்கத்தில் நடப்பது போல நடக்கும். மணலுக்கு அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும்.

மூக்கையன் முகர்ந்தே அந்தத் தண்ணீரைக் கண்டுபிடிக்கும். மணலைத் தோண்டி ஊற்று எடுக்கும். பிறகு குழியின் ஓரம் சரியாமல் இருக்க, அங்கேயே ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். குட்டிகள் முதலில் குடிக்கும். பிறகு பெரியவை குடிக்கும். அணையாகப் படுத்த மூக்கையன் கடைசியில்தான் குடிக்கும். அதுதான் அந்தக் காட்டின் தலைவனுக்கு உள்ள வழக்கம்.

ஒரு நாள் செங்கொம்பன் என்ற கடமான் எல்லாரையும் கூட்டியது.

"சேறு பூசிய இந்த மூஞ்சியா நமக்குத் தலைவன்? கடைசியில் குடிக்கிறவன் எப்படித் தலைவன் ஆவான்? என் கொம்பைப் பாருங்கள்!"

எல்லாம் பார்த்தன. வெயிலில் கொம்பு மின்னியது.

"அழகுதான்!" என்று முயல்கள் சொக்கிப்போயின.

அவ்வளவுதான். மூக்கையனைக் கரைக்கு விரட்டிவிட்டன.

"மூக்கையண்ணே, மனசு கஷ்டமாக இருக்கிறதா?" என்று கேட்டது முள்ளாச்சி என்ற முள்ளம்பன்றி.

"இருக்காதா? செய்தது தப்பு என்று அவன் வாயால் சொல்லவேண்டும். அதுவரை மறக்கமாட்டேன்!"

மறுநாள் காலை செங்கொம்பன் முதல் ஆளாக ஊற்றுக்கு வந்தது.

"அணையாக யார் படுப்பது?" என்று கேட்டது முள்ளாச்சி.

"தலைவன் மணலில் படுப்பானா? நகரு!"

நான்கு கால்களையும் குழியின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு செங்கொம்பன் குனிந்தது. பொலபொலவென்று மணல் சரிந்தது. ஊற்று மூடிக்கொண்டது. மானின் கால்கள் முழங்கால்வரை புதைந்தன. உதற உதற இன்னும் கீழே போயின.

கரையில் செங்கொம்பனின் குட்டி நின்றது. மூக்கையனை விரட்டிய சந்தடியில், முந்தின நாளிலிருந்து அது ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அதன் கால்கள் மடங்கின. அப்படியே சுருண்டு விழுந்தது.

மூக்கையன் மெதுவாக இறங்கி வந்தது.

"தப்பு என்று சொல். உடனே தோண்டுகிறேன்!"

"இத்தனை பேர் முன்னாலா? முடியாது, கிழவா!"

"உடம்பே புதைந்தாலும் கொம்பு மட்டும் இறங்காது போலிருக்கிறதே!" என்றது முள்ளாச்சி.

மூக்கையன் திரும்பி நடந்தது. நாலு எட்டு வைத்திருக்கும். குட்டி கூப்பிட வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. உலர்ந்த நாக்கு மட்டும் அசைந்தது.

மூக்கையன் நின்றது. கோபம் அப்படியே நெஞ்சில் இருந்தது. ஆனால் கோபம் ஆறும்வரை அந்தக் குட்டி உயிரோடு இருக்குமா?

"உனக்காக இல்லை, தெரிந்துகொள்!" என்று உறுமிக்கொண்டே வந்து தோண்டியது. ஒவ்வொரு காலாக மணலை விலக்கியது. குளம்பின் இடுக்கில் இறுகியிருந்த மணலை மூக்காலேயே நெம்பி எடுத்தது. அந்தக் கால்களைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது. வானமும் இலுப்பைப் பூக்களும் அதில் மெல்ல ஆடின.

"மெதுவாக எடு. முதலில் இடது கால்!"

செங்கொம்பன் வெளியே வந்தது. மூக்கையன் ஓரத்தில் அணையாகப் படுத்துக்கொண்டது.

"வாடா குட்டி. என் முதுகில் கால் வைத்துக் குடி!"

குட்டி தள்ளாடி வந்து குடித்தது. கண்ணில் தெளிவு வந்தது. பிறகு முயல்கள் குடித்தன. செங்கொம்பனும் தலைகுனிந்து குடித்தது. எல்லாரும் போன பிறகுதான் மூக்கையன் வாய் வைத்தது. கலங்கல் தண்ணீர்தான். ஆனாலும் பூ வாசம் வீசியது.

அடுத்த நாள் எல்லா விலங்குகளும் மூக்கையன் பின்னால்தான் நடந்தன. செங்கொம்பனும் வந்தது.

"என்னிடம் ஏதாவது சொல்லவேண்டுமா?" என்று மூக்கையன் கேட்டது.

செங்கொம்பன் வானத்தைப் பார்த்தது. "இன்றைக்கு வெயில் அதிகம்!" என்றது.

"நீ சொல்லவேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது!" என்றது மூக்கையன். சொல்லிவிட்டு, மணலை முகர்ந்து தோண்டத் தொடங்கியது.

சீடர்களின் கால்களைக் கழுவிய இயேசுவின் வழியில் நடக்கும் தலைவன், தப்புச் செய்தவன் முதலில் தன்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று பிறருடைய தாகத்தைக் காக்கவைக்கமாட்டான்.