கடம்பனின் பறையும் காய்ந்த இலையும்

கேளுங்கள். மலைக்குப் பாதை போடாத காலத்தில் கடம்பன் என்றொரு தினைக்காரன் இருந்தான். அவனுக்கு வாய் பெரிது. எருதைத் திட்டுவான், கோழியைத் திட்டுவான், மனைவி சேந்தியைத் திட்டுவான். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு வருடம் கதிர் முற்றும் சமயத்தில் மான்கள் காட்டுக்குள் இருந்து வந்து தினையில் வாய் வைத்தன. தினை போனால் சேந்தியின் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். கடம்பனுக்கு அது பெரிய மானக்கேடு. வயல் நடுவே இருந்த காவல் பரண்மேல் ஏறி உட்கார்ந்து பறை அடித்தான். ஓயாமல் அடிப்பவன்தான் காவல்காரன் என்பது அந்த மலைக்காரர்களின் எண்ணம். நிறுத்தினால் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

முதல் நாள் மான்கள் ஓட்டம் பிடித்தன. இரண்டாம் நாள் ஒரு காதைத் திருப்பிவிட்டு நின்றன. மூன்றாம் நாள் தலையே தூக்காமல் மேய்ந்தன. கடம்பன் இன்னும் பெரிய பறையைத் தூக்கி வந்தான். கை வீங்கியதுதான் மிச்சம்.

ஒரு மாலை சேந்தி கஞ்சி கொண்டு வந்தாள். பறையின் இரண்டு அடிகளுக்கு நடுவே அவள் காலடியில் காய்ந்த மூங்கில் இலை நொறுங்கியது. அவ்வளவுதான், ஒரு பெண்மான் துள்ளிப் பாய, கூட்டமே காட்டுக்குள் மறைந்தது.

“பாத்தீங்களா? ஒரு காது உங்க பறைமேல, இன்னொரு காது காட்டுப் பக்கம். பறை கேக்குற வரைக்கும் நீங்க பரணை விட்டு இறங்கலைன்னு அதுகளுக்குத் தெரியுது. கொஞ்சம் சும்மா இருங்க.”

“நிறுத்தினா ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். தினை போச்சுன்னா எங்க அண்ணன் சிரிப்பாரு. அது பரவாயில்லையா?”

கடம்பன் பறையை இறக்கி வைத்தான். ஊர் சிரிக்கத்தான் செய்தது. மான் கால் வைத்தால் நொறுங்கட்டும் என்று இருவரும் வயலைச் சுற்றி மூங்கில் சருகைப் பரப்பினார்கள். வாயை மூடிக்கொண்டு உட்காருவது அவனுக்குப் பெரும் பாடாக இருந்தது, பாவம். ஒரு நாள் கிழக்கே போய்ச் சுள்ளியை ஒடித்தான். மறுநாள் மேட்டிலிருந்து கல்லை உருட்டினான். அதற்கு மறுநாள் பாறைக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு முறை கை தட்டினான். எங்கிருந்து எப்போது சத்தம் வரும் என்று தெரியாமல் மான்கள் இரு காதுகளையும் சுழற்றிப் பார்த்துவிட்டு, காட்டுப் புல்லே போதும் என்று திரும்பிப் போயின.

தினை வீடு வந்து சேர்ந்தது. சும்மா இருக்கும் பழக்கமும் கூடவே வந்தது. ஒரு நாள் கடம்பன் மெல்ல, “சேந்தி, தண்ணி” என்றான். அடுப்படியில் இருந்தவள் உடனே திரும்பிப் பார்த்தாள்.

ஓயாமல் முழங்குபவனுக்கு எவரும் செவி கொடுப்பதில்லை. நேரம் அறிந்து எழும் சிறு ஓசைக்கே எல்லாக் காதும் திரும்பும்.